விட்ஸிலிருந்து ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு: தினசரி ஓட்டமும் ட்ராக்கும் ஒரே காரில் – மட்டக்களப்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

உரிமையாளர் முப்பதுகளின் நடுவில் இருப்பவர். கல்லடியில், கடற்கரைக்கு மிகக் கிட்ட வீடு. வேலை கல்முனையில். காலையில் பிள்ளையைப் பாலம் தாண்டிப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி ஏ4 வீதியில் காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி வழியாகக் கல்முனைக்குப் போவார். ஒரு வழிக்கு 35 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பல வருடமாக இந்த ஓட்டத்தை ஒரு ரொயோட்டா விட்ஸ் செய்துகொண்டிருந்தது. 1000 சிசி, மூன்று சிலிண்டர், சிவிரி (கியர் படிகள் இல்லாத தானியங்கி) கியர்ப் பெட்டி. அதில் குறை எதுவும் இருக்கவில்லை.

மாற்றத்துக்குக் காரணம் வேறு. நண்பர் ஒருவரின் காரில், மேற்குப் பக்கத்தில் உள்ள தார்ச் சுற்றுப்பாதை ஒன்றில் நடந்த பயிற்சி நாளுக்குப் பக்கத்து இருக்கையில் போய்வந்திருந்தார். அதன்பிறகு தானே ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. இரண்டாவது காருக்குப் பணமும் இல்லை, வளவில் இடமும் இல்லை. ஆகவே ஒரே கார் இரண்டுக்கும் உதவ வேண்டும்: கிழமை நாட்களில் பிள்ளையும் வேலையும், வருடத்தில் சில நாட்கள் ட்ராக்.

கிழக்கில் தார்ச் சுற்றுப்பாதை கிடையாது. கட்டுக்குருந்த விமான ஓடுபாதையில் நடக்கும் பந்தயமாக இருந்தாலும் மேற்கிலுள்ள வேறு சுற்றுப்பாதையாக இருந்தாலும், இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடித்தான் போக வேண்டும். அதே காரில் திரும்பி வரவும் வேண்டும். இந்த ஆய்வில் வரும் பெரும்பாலான முடிவுகளுக்கு இந்தத் தூரமே காரணம். ட்ராக்கில் பழுதானால் லொறியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது கொழும்புக்காரருக்குச் சரிவரும். கல்லடிக்காரருக்கு அந்தச் செலவே ஒரு வருடத்து ரயர்க் காசு.

எந்தக் கார் என்ற முடிவு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது, அதுவும் கடும் வரியோடு. எனவே நாட்டுக்குள் ஏற்கனவே இருக்கும் கார்களில்தான் தேட வேண்டியிருந்தது. மூன்று கார்கள் பரிசீலனைக்கு வந்தன.

முதலாவது, எஞ்சின் மாற்றிய பழைய ஹொண்டா சிவிக். விலை தாங்கக்கூடியது, ட்ராக்கில் நல்ல பெயர். ஆனால் வயரிங் இரண்டு கைகள் பட்டது, பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கம் பொருந்தவில்லை. உரிமையாளர் அந்த இடத்திலேயே விலகினார், அது சரியான முடிவு. இலக்கம் பொருந்தாத காரை விபத்தின்போது காப்புறுதியிடம் கொண்டுபோனால் பதில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, 1000 சிசி ரேபோ எஞ்சினுள்ள பத்தாம் தலைமுறை சிவிக். தோற்றத்துக்கு மூன்றிலும் வேகமான கார் அதுதான், குடும்பத்துக்கும் பிடித்திருந்தது. ஆனால் பார்த்த கார் சிவிரி. சுற்றுப்பாதையில் தொடர்ந்து உயர் சுற்றில் ஓடும்போது சிவிரியின் ஒயில் சூடேறும், ஒரு கட்டத்தில் கணினி வலுவைக் குறைத்துவிடும். தவிர அந்த எஞ்சினின் ரைமிங் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடுவது. ஒயில் மாற்றிய பதிவு ஒழுங்காக இல்லாத காரில் அந்தப் பெல்ட்டை நம்பி உயர் சுற்றுக்குப் போகக்கூடாது. விற்பவரிடம் பதிவு இருக்கவில்லை.

மூன்றாவது, சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், இசட்சி32எஸ் என்ற மொடல். 1600 சிசி எம்16ஏ எஞ்சின், ரேபோ இல்லை. 6900 சுற்றில் 136 குதிரை வலு, ஆறு கியர் மனுவல், எடை 1,050 கிலோவை ஒட்டி. ரைமிங் செயின். நாலு சில்லுக்கும் டிஸ்க் பிரேக். வலுவென்று பார்த்தால் இது பெரிய கார் இல்லை. ஆனால் எடை குறைந்த கார் பிரேக்கையும் ரயரையும் மெதுவாகத் தின்னும். புதிதாகப் பழகுகிறவருக்கும், 300 கிலோமீற்றர் திரும்பி ஓட வேண்டியவருக்கும் அதுதான் பெறுமதி. இதைத் தெரிவு செய்தார்.

வாங்குமுன் பார்த்தவை

காரைக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்கக் கேட்டிருந்தார். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் செயின் சத்தமும் புகையும் மறைந்துவிடும். ஆறிய எஞ்சினில் செயின் சத்தம் இல்லை. கொம்ப்ரெஷன் சோதனையில் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது) நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 5 பிஎஸ்ஐக்குள் நின்றன. ஒரு சிலிண்டர் மட்டும் விலகியிருந்தால் விலை பேசுவதற்கே இடமில்லை.

கியர்ப் பெட்டியில் இரண்டிலிருந்து மூன்றுக்கு வேகமாகப் போடும்போது, ஒயில் குளிர்ந்திருந்தால் மட்டும் ஒரு இலேசான உரசல். சூடானபின் இல்லை. மூன்றாம் கியரின் சின்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ உதவும் வளையம், தேயத் தொடங்கியிருக்கிறது என்று கராஜ் பாஸ் (மெக்கானிக்) கணித்தார். இதை விலையில் குறைத்துக்கொண்டார்கள். புதிய கியர் ஒயில் ஊற்றியதும் உரசல் குறைந்தது, ஆனால் போகவில்லை.

காரைத் தூக்கிப் பார்த்தபோதுதான் முக்கியமான விடயங்கள் தெரிந்தன. முன் இடது பக்க ட்ரைவ் ஷாஃப்ட் பூட்டில் (மூட்டை மூடும் இறப்பர் உறை) வெடிப்பு. சில்லைத் தாங்கும் கீழ் ஆர்மின் இறப்பர் புஷ் இரண்டும் கிழிந்த நிலை. பின் கலிப்பரின் (பிரேக் பெட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) வழுக்கு ஊசி ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. அதனால் அந்தப் பக்கத்து உள் பெட் வெளிப் பெட்டின் பாதித் தடிப்புக்குத் தேய்ந்திருந்தது. கரையோரத்தில் நிற்கும் கார்களில் இது சாதாரணம். கல்லடி, நாவலடிப் பக்கம் இரவு முழுக்க உப்புக் காற்றில் நின்ற காரின் டிஸ்க் காலையில் செந்நிறமாக இருக்கும். முதல் இரண்டு பிரேக்கில் அது போய்விடும். ஊசிக்குள் போன துரு போகாது.

ரயரின் பக்கச் சுவரிலுள்ள நாலு இலக்கத்தைப் பார்த்தார்கள். முதல் இரண்டும் தயாரித்தது வருடத்தின் எத்தனையாவது கிழமை என்பது, கடைசி இரண்டும் வருடம். பட்டன் (ரயரின் மேற்பரப்பு வெட்டு) நல்ல ஆழம் இருந்தும் ரயர்கள் ஏழு வருடம் தாண்டியவை. இறப்பர் காய்ந்துபோய், நகத்தால் அழுத்தினால் இறங்காத நிலை. ஆழம் மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் இது தெரிந்திருக்காது.

விற்பவர், பிரேக் சேர்விஸ் இரண்டு மாதத்துக்கு முதல் செய்தது என்று சொல்லி முன் பெட்டுக்கான பற்றுச்சீட்டைக் காட்டினார். பெட் புதிது என்பது கண்ணுக்கும் தெரிந்தது. பிரேக் ஒயில் மாற்றினார்களா என்று எவரும் கேட்கவில்லை.

பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் உரிமை நீங்கியிருந்தது. காரின் விலையில் பத்தில் ஒரு பங்கை உரிமையாளர் தனியாக ஒதுக்கி வைத்தார், பாகங்களுக்கென்று. விட்ஸை விற்றுவிட்டார்.

முதற் செலவுகள், அவற்றின் ஒழுங்கு

ஒதுக்கிய பணம் கைக்கு வந்ததும் ஆலோசனைகளும் வந்தன. காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், பெரிய சைலன்சர், திறந்த ஏர் ஃபில்டர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். கராஜ் பாஸ் சொன்னது: “தம்பி, முதல்ல தேஞ்சத மாத்துவம். அதுக்குப் பிறகு மிச்சம் இருந்தா யோசிப்பம்.” உரிமையாளர் ஓம் என்றார்.

கீழ் ஆர்ம் புஷ், ட்ரைவ் ஷாஃப்ட் பூட், கிரீஸ் முதலில் போயின. பின் கலிப்பர் இரண்டையும் கழற்றி ஊசிகளை மாற்றி, பிரேக்குக்கென்று உள்ள சிலிக்கோன் கிரீஸ் போட்டார்கள். சாதாரண கிரீஸ் போட்டால் இறப்பர் ஊதி ஊசி மறுபடி இறுகும். ரேடியேட்டரில் இருந்தது வெறும் தண்ணீர், நிறம் பழுப்பு. கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. ஊற்ற ஊற்ற உள்ளே படியும். கழுவி, கூலன்ட்டும் வடித்த தண்ணீரும் சரிபாதியாக ஊற்றி, ரேடியேட்டர் மூடியையும் மாற்றினார்கள். மூடி சின்னப் பொருள்தான். ஆனால் அது அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் கூலன்ட் கொதிக்கும் வெப்பநிலை இறங்கிவிடும்.

ரயர் விடயத்தில் நல்ல முடிவொன்று எடுக்கப்பட்டது. இந்தக் காரின் அளவு 195/45ஆர்17. பக்கச் சுவர் 9 சென்ரிமீற்றருக்கும் குறைவு. மாரி மழைக்குப் பிறகு களுவாஞ்சிக்குடிப் பக்கம் தார் பெயர்ந்த குழிகளில் அந்தச் சுவர் றிம்மைக் காப்பாற்றாது. முந்தைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் 16 அங்குல றிம் நாலு கொழும்பில் கிடைத்தது. போல்ட் துளைகளின் வட்ட அளவு ஒன்றே. அதற்கு 195/50ஆர்16 ரயர் போட்டார்கள். மொத்த விட்டம் 1 வீதம்தான் குறைவு, ஆகவே வேகமானியில் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கச் சுவர் 1 சென்ரிமீற்றர் கூடியது. தினசரி ஓட்டத்துக்கு இந்த 16 அங்குலம். பழைய 17 அங்குல றிம்களில் புதிய, பிடிப்புக் கூடிய ரயர் போட்டு வீட்டில் வைத்தார்கள், ட்ராக்குக்கு மட்டும்.

தாழ்த்தவில்லை. காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை எத்தனை வேகத்தடை, எத்தனை பாடசாலைக் கடவை என்று தெரிந்தவர் தாழ்த்தமாட்டார். ஷொக் அப்சோர்பரின் பயணத் தூரத்தைக் குறைத்துவிட்டால், வேகத்தடையில் அடிவாங்கும் அதே கார் ட்ராக்கிலும் முட்டி நின்று பிடிப்பை இழக்கும். நல்ல ஷொக்கோடு சேராத தாழ்வு ஸ்பிரிங் எந்தப் பக்கமும் உதவாது.

முதல் ட்ராக் நாள்

போவதற்குமுன் காப்புறுதி நிறுவனத்தோடு பேசினார். சாதாரண முழுக் காப்புறுதியில் பந்தயமும் வேகச் சோதனையும் அடங்காது. ட்ராக்குக்குள் நடப்பது தன் சொந்தப் பொறுப்பு என்று தெரிந்துகொண்டே போனார்.

95 ஒக்டேன் பெற்றோல் நிரப்பிக்கொண்டார். எம்16ஏ உயர் ஒக்டேனுக்கென்று அமைந்த எஞ்சின். 92 ஊற்றினாலும் ஓடும், நொக் சென்சர் (எஞ்சின் தட்டலை உணரும் கருவி) பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளும், வலு குறையும், வெளியேறும் வாயு சூடேறும். கல்முனைக்குப் போவதற்கு அது பொருட்டில்லை. சுற்றுக்குப் பின் சுற்றாக முழு அழுத்தத்தில் ஓட்டுவதற்குப் பொருட்டு. பின் இருக்கையை மடித்து நாலு 17 அங்குலச் சில்லுகளும், ஜக்கும், நட்டை அளவாக இறுக்கும் டோர்க் ரென்ச்சும் ஏற்றினார். ட்ராக் ரயரில் 300 கிலோமீற்றர் ஓடிப் போவது, அதுவும் ஹபரணைக்கும் தம்புள்ளைக்கும் இடையே மழை பிடித்தால், தேவையில்லாத ஆபத்து.

எஞ்சின் ஒயில் அளவுகோலின் மேல்கோடு வரை. நீண்ட வளைவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும். கீழ்கோட்டில் நின்றால் பம்ப் காற்றை உறிஞ்சும். ரயர் காற்று ஆறிய நிலையில் 28 பிஎஸ்ஐ. ஓடி வந்தபின் 34 அல்லது 35 வரும் என்ற கணக்கு, அப்படித்தான் வந்தது. வழுக்குத் தடுப்பான இஎஸ்பியை நிறுத்தவில்லை.

முதல் ஓட்டம் 20 நிமிடம். நாலாவது சுற்றிலிருந்து பிரேக் பெடல் நீளத் தொடங்கியது. ஐந்தாவது சுற்றில் நேர்ப்பாதை முடிவில் பெடல் வழமையைவிட இரண்டு மடங்கு கீழே போய்த்தான் பிடித்தது. அவர் மறுபடி மிதித்தார், பெடல் சற்று மேலே வந்தது. வேகத்தைக் கியரால் இறக்கி, அடுத்த சுற்றை மெதுவாக ஓட்டி உள்ளே வந்தார். கை பிரேக் போடவில்லை. முதல் கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வைத்தார். சூடான பின் டிஸ்க்கில் பெட்டை இறுக்கி நிறுத்தினால் அந்த இடத்தில் மட்டும் வெப்பம் தேங்கும். இது முன்பே அவருக்குச் சொல்லியிருந்தது.

காரணம்

பெடல் மென்மையாகிக் கீழே போனது என்பதே காரணத்தைச் சொல்லிவிட்டது. பெட் சூட்டில் பிடிப்பை இழந்திருந்தால் பெடல் கல்லுப்போல் இறுகி நிற்கும், கார் மட்டும் நிற்காது. பெடல் இறங்கினால் பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது. திரவம் அமுங்காது. கலிப்பருக்குள் கொதித்து ஆவிக் குமிழ் வந்தால் அது அமுங்கும், கால் அழுத்தம் பிஸ்டனுக்குப் போகாமல் குமிழைச் சுருக்குவதிலேயே முடிந்துவிடும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் விலையான பெட் வாங்கிப் போட்டு, அதே பழைய ஒயிலோடு மறுபடி போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டாம் முறை கூடுதல் ஆபத்து. நல்ல பெட் இன்னும் வெப்பத்தைத் தாங்கும், அந்த வெப்பம் ஒயிலுக்குத்தான் போகும்.

பிரேக் ஒயில் டாங்கியைத் திறந்தபோது தேயிலைச் சாயம் போன்ற நிறம். நீர் அளவு பார்க்கும் பேனாவில் 3 வீதத்துக்கு மேல் காட்டியது. டொட் 4 என்ற வகை பிரேக் ஒயிலுக்கான தரம், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும், 3.7 வீத நீர் ஏறிய நிலையில் குறைந்தது 155 பாகை. அதாவது ஈரம் ஏறினால் 75 பாகை வரை போய்விடுகிறது. இந்த ஒயில் இறப்பர் குழாய்க்குள்ளாகவும் டாங்கி மூடி வழியாகவும் காற்றிலிருந்து நீரை இழுக்கும். ஈரக் காற்றுள்ள எங்கள் கரையில் இரண்டு வருடம் விட்டுவைப்பதற்கு இடமே இல்லை.

வெப்பத்தின் அளவையும் பார்க்கலாம். காரும் ஆளும் சேர்ந்து 1,150 கிலோ என்று வைத்தால், மணிக்கு 140 கிலோமீற்றரிலிருந்து 60க்கு ஒரே மிதியில் இறக்கும்போது வெப்பமாவது ஏறத்தாழ 710 கிலோஜூல். அதில் 70 வீதம் முன் பிரேக்கில், சுமார் 500. முன் டிஸ்க் இரண்டும் சேர்ந்து 12 கிலோ என்றால் ஒவ்வொரு மிதிக்கும் டிஸ்க் 85 முதல் 90 பாகை வரை ஏறும். சுற்றுக்கு மூன்று நாலு இடத்தில் இப்படி, இடையில் ஆற நேரமில்லை. காத்தான்குடியில் 50இலிருந்து முழுதாக நிறுத்தினால் 110 கிலோஜூல்தான், ட்ராக்கில் ஒரு மிதியின் ஆறில் ஒன்றுக்கும் குறைவு. வீதியில் வருடக்கணக்காக நல்ல பிரேக் என்று உணரப்பட்டது ஐந்து சுற்றில் தோற்றதன் கணக்கு இது.

அன்றே எடுக்கப்பட்ட முடிவுகள்

மீதி ஓட்டங்களுக்குப் பணம் கட்டியிருந்தது. போகவில்லை. ஆறியபின் பெடல் மேலே வந்துவிட்டது, பலர் இதை நம்பி மறுபடி இறங்குவார்கள். ஆவி மறைந்தாலும் நீர் ஒயிலுக்குள்தான் இருக்கிறது, அடுத்த சூட்டில் முன்னையதைவிடச் சீக்கிரமாகக் கொதிக்கும்.

அன்றிரவே ஊருக்குத் திரும்புவது என்ற எண்ணத்தையும் கைவிட்டார். அருகில் தங்கி, காலையில் உள்ளூர்க் கராஜ் ஒன்றில் புதிய டொட் 4 ஊற்றி நாலு சில்லின் பிரேக்கிலும் குழாய்க்குள் இருந்த காற்றை வெளியே எடுத்தார். பிறகு 16 அங்குலச் சில்லுக்கு மாற்றி, காற்றை 32க்கு ஏற்றி, நட்டுகளை டோர்க் ரென்ச்சால் இறுக்கிப் புறப்பட்டார். பாதை: குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை. கண்டி – மகியங்கனை வழியாக வந்தால் 18 வளைவு இறக்கம் வரும். பிரேக்கில் ஐயம் உள்ள நாளில் அந்த இறக்கத்தைத் தவிர்த்தது சரி. வெலிக்கந்தை – புணானைப் பகுதியை வெளிச்சம் இருக்கும்போதே தாண்டினார். யானை வீதிக்கு வரும் இடம் அது. இருட்டில் அங்கு ஒரு முழு பிரேக் தேவைப்படலாம்.

இரண்டாம் முறைக்கான ஆயத்தம்

பாகங்கள் கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தது. கார் கராஜில் ஜக்கின் மேல் நின்ற நாட்களில் கல்முனைக்கு மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போனார். விட்ஸ் கையில் இருந்திருந்தால் இந்த அந்தரம் இல்லை.

ட்ராக்குக்கென்று உள்ள டொட் 4 ஒயில், புதிதாக 300 பாகைக்கு மேல் கொதிப்பது, அரை லீற்றர்ப் போத்தல் இரண்டு வாங்கினார். முழுதாக மாற்ற ஒரு லீற்றர் காணும். பழைய ஒயிலை டாங்கியிலிருந்து உறிஞ்சி எடுத்தபின் புதிதை ஊற்றி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சில்லில் தொடங்கி, தெளிந்த நிறம் வரும்வரை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். டாங்கியில் அளவு குறைந்து காற்று போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஏபிஎஸ் அலகுக்குள் காற்று மாட்டினால் சாதாரண முறையில் வெளியே வராது, ஸ்கேனர் தேவைப்படும். திறந்த போத்தலில் மிஞ்சியதை அடுத்த முறைக்கு வைக்கவில்லை.

முன் இறப்பர்க் குழாய்களை எஃகு வலை சுற்றிய குழாய்களாக மாற்றினார்கள். முன் பெட், தெருவுக்கும் இலேசான ட்ராக்குக்கும் இடைப்பட்ட வகை. முழு ட்ராக் பெட் குளிர்ந்த நிலையில் பிடிக்காது, காலையில் கல்லடிப் பாலத்தில் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டிய காருக்கு அது கூடாது. பெட்டைப் பதப்படுத்த, ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில் 60இலிருந்து 20க்கு, முழுதாக நிறுத்தாமல், அடுத்தடுத்துப் பத்து முறை. பிறகு பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஓடி ஆறவிட்டார்கள். இடையில் நிறுத்தினால் பெட்டின் பூச்சு டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டி, பின்னர் ஸ்டியரிங்கில் அதிர்வு தரும்.

முன் சில்லின் சாய்வும் சரிசெய்யப்பட்டது. முதல் நாளிலேயே முன் இடது ரயரின் வெளித்தோள் உரிந்திருந்தது. இந்தக் காரின் முன் ஸ்ட்ரட்டில் சாய்வு சரிசெய்ய இடம் குறைவு. அதற்கென உள்ள போல்ட் ஒன்று போட்டு, உட்சாய்வை 1.2 பாகையாக வைத்தார்கள், டோ (சில்லுகள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) பூச்சியம். 2 பாகைக்கு மேல் வைத்தால் ட்ராக்கில் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் தினமும் 70 கிலோமீற்றர் நேராக ஓடும் காரில் உள்தோள் தேயும்.

பின்தொடர்ந்தது

அடுத்த பயிற்சி நாளில் 20 நிமிட ஓட்டங்கள் நாலும் முடிந்தன. பெடல் முதல் ஓட்டத்தில் இருந்த உயரத்திலேயே கடைசியிலும் நின்றது. ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட்டார். முதல் ஓட்டத்துக்குப் பிறகு நட்டுகளைப் பார்த்ததில் இரண்டு சற்றுத் தளர்ந்திருந்தன. சூடேறி ஆறும்போது இது நடக்கும், பார்க்காமல் விடக்கூடாது. பெற்றோல் லீற்றருக்கு 4 கிலோமீற்றர் அளவில் போனது. 42 லீற்றர்த் தாங்கியில் போக, வர, ஓட என்று எல்லாம் கணக்கிட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

மூன்றாவது ஓட்டத்தில் மூன்றாம் கியர் உரசல் திரும்பியது, இப்போது சூடான நிலையில். அதன்பிறகு மூன்றுக்கு ஒரு கணம் பொறுத்துப் போட்டார். சுற்று நேரத்தில் இழப்பு உண்டு. கியர்ப் பெட்டியை அப்போதே இறக்கத் தேவையில்லை என்று முடிவு.

வீதியில் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் அளவில் தருகிறது, விட்ஸ் இதைவிட நன்றாகத் தந்தது. காத்தான்குடி நெரிசலில் கிளச் அழுத்தி அழுத்திப் போவது இடது காலுக்கு வேலை. பின் இருக்கையில் பிள்ளைக்கு ஆட்டம் கூட; 16 அங்குல ரயர் வந்தபின் அது வெகுவாகக் குறைந்தது. வீட்டாரின் முதற் குறையும் அதுவாகத்தான் இருந்தது.

இதையும் எழுத வேண்டும். ஏ4 வீதியில், நகர்ப்புறத்தில் 50, வெளியே 70 என்ற எல்லைக்குள், இந்தக் காரின் வலுவில் பாதியைக்கூடக் காட்ட இடமில்லை. மாடு, பாடசாலைப் பிள்ளைகள், வெளிச்சமில்லாத சைக்கிள் எல்லாம் ஒரே வீதியில். உரிமையாளர் இதைத் தெரிந்தே வாங்கினார், வாங்கியபின்னும் அப்படியே ஓட்டுகிறார். இப்படி ஒரு காரை வாங்குகிறவர் ட்ராக்குக்குப் போகும் வழியையும் அதே நேரத்தில் கணக்கிடாவிட்டால், வேகம் பார்க்கும் இடம் ஆரையம்பதியாகிவிடும். அதைத் தடுப்பதற்காகவே இந்த விவரங்கள் இவ்வளவு நுணுக்கமாக எழுதப்படுகின்றன.

மாற்ற வேண்டியவை

காரை வாங்கிய கிழமையே பிரேக் ஒயிலை மாற்ற வேண்டும், பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருந்தாலும். முதல் ட்ராக் நாளுக்கு முந்திய மாதத்தில் மறுபடி ஒருமுறை. கரையோரத்தில் நிற்கும் ட்ராக் காருக்கு வருடம் ஒரு முறையாவது. இதன் செலவு, அந்த நாளில் இழந்த கட்டணத்தையும் தங்கிய செலவையும்விட மிகக் குறைவு.

பழைய காரை உடனே விற்காமல், புதியது ஒரு ட்ராக் நாளைத் தாண்டித் திரும்பும்வரை வைத்திருக்க வேண்டும். மட்டக்களப்பில் இந்தக் காரின் பாகங்கள் எடுத்த எடுப்பில் கிடைப்பதில்லை. முன் பெட் ஒரு சோடி, பிரேக் ஒயில் போத்தல் இரண்டு, சில்லு நட் நாலு, இவை ட்ராக் நாளில் காருக்குள்ளேயே இருக்க வேண்டும். முதல் முறை ஒயில் போத்தல் ஒன்று கையில் இருந்திருந்தால் மத்தியானமே பிரேக்கில் காற்று எடுத்து, அன்றே புறப்பட்டிருக்கலாம்.

சாய்வு போல்ட்டை முதற் செலவிலேயே சேர்த்திருந்தால் முன் இடது ரயர் ஒன்று மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் கியரின் சின்க்ரோ இன்னும் மாற்றப்படவில்லை. கிளச் தட்டு தேய்ந்து கியர்ப் பெட்டியை எப்படியும் இறக்க வேண்டி வரும்போது, சின்க்ரோ, ரிலீஸ் பேரிங், பின் எண்ணெய் சீல் மூன்றையும் ஒரே கூலியில் மாற்றுவதாகத் திட்டம். அதுவரை ட்ராக் நாட்களில் மூன்றாம் கியரைப் பொறுத்துப் போடுவதோடு, ஒவ்வொரு நாளுக்குப் பிறகும் கியர் ஒயிலைச் சற்று வடித்துக் காந்தத்தில் ஒட்டும் தூளைப் பார்க்கிறார்கள். மென்தூள் என்றால் ஓடலாம், வடித்த ஒயிலில் பித்தளை நிறத் துணுக்கு தெரிந்தால் பெட்டி உடனே இறங்கும்.